ஓரத்தை மடிப்பதா, ஒட்டுவதா? சிறிய குயில்ட் படங்களுக்கு எந்த அப்ளிக் முறை

தேரில் தொங்கவிடும் தொம்பைகளைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவேலை அது. சிவப்புத் துணியின்மேல் வெள்ளை, பச்சை, மஞ்சள் துண்டுகளை வெட்டிவைத்துத் தைத்த பூவும் யாளியும், வீதிக் கோடியில் நிற்பவர் கண்ணுக்கும் எட்டவேண்டும் என்று பெரிதாகச் செய்யப்பட்டவை. தையல் ஓர் இழை கோணலாகப் போனாலும் தேர் அசையும்போது யார் கண்ணிலும் படாது. ஒரு துணிமேல் இன்னொரு துணியை வைத்துத் தைக்கிற அதே அப்ளிக் வேலையைத்தான், மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கிச் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டும் சின்னக் குயில்ட் படங்களிலும் செய்கிறோம். ஆனால் 12 அங்குலச் சதுரத்தை யாரும் வீதிக் கோடியில் நின்று பார்ப்பதில்லை. ஒரு முழ தூரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்துதான் பார்க்கிறார்கள். அப்போது கண் முதலில் போய் நிற்கிற இடம் துண்டின் ஓரம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, கையால் தைக்கலாமா மிஷினில் தைக்கலாமா, எது சீக்கிரம் முடியும், எது சுலபம் என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரே படத்தை மூன்று முறைகளில் மூன்று தடவை தைத்து முடித்த பிறகு வேறொரு கேள்வியை முதலில் கேட்கச் சொல்வேன். அந்த ஓரம் எப்படித் தெரியவேண்டும் என்று நினைக்கிறீர்கள்? மடிந்து, லேசாக உருண்டு நிற்கும் ஓரமா? கத்தரியால் வெட்டிய மாதிரி தட்டையான ஓரமா? நூலால் கரை கட்டிய ஓரமா? இதை முடிவு செய்துவிட்டால் முறை ஏறக்குறைய தானாகவே வந்து நின்றுவிடும்.

நான் எடுத்துக்கொண்ட படம் பூவரசு. மூன்று இலை, ஒரு பூ, ஒரு காய், ஒரு காம்பு. தெருவோரத்தில் பார்த்துப் பழகிய மரம், சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய மரம் என்பது ஒரு காரணம். பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம், பருத்தித் துணியில் தைக்க அதைவிடப் பொருத்தமானது எது என்று தோன்றியது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் வேலை சம்பந்தப்பட்டது. அப்ளிக்கில் கஷ்டமான இடங்கள் எல்லாம் அந்த ஒரு கொத்துக்குள்ளேயே இருக்கின்றன. இதய வடிவ இலையின் நுனி கூர்மை, காம்பு சேரும் இடத்தில் உள்ளே வாங்கிய பள்ளம், இரு பக்கமும் நீண்ட வளைவு, மெல்லிய காம்பு, உருண்டைக் காய், ஒன்றின்மேல் ஒன்று ஏறிய ஐந்து இதழ்கள். எந்த முறையும் இதில் தன் பலத்தையும் பலவீனத்தையும் மறைக்க முடியாது.

முறைக்குப் போகும் முன் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி முடிவைத் துணிதான் எடுக்கிறது. குயில்ட்டுக்கென்றே வரும் வெளிநாட்டுப் பருத்தித் துணிகளைத் தேடி அலைய வேண்டாம். பிளவுஸ் துணி விற்கும் மேட்சிங் சென்டரில் ஒரே பச்சையில் பத்து வகை அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் டூ பை டூ ரூபியா என்று கேட்டு வாங்குவது மென்மையானது, நெருக்கமாக நெய்தது, நகத்தால் கீறினாலே மடிப்பு நிற்கும். பாப்ளினும் நல்லதே, சற்றுத் தடிமன். நாள்பட்ட சுங்குடிச் சேலை, துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி இவையெல்லாம் ஊசிக்கு வெண்ணெய். டெரிகாட்டன் மடிப்பைப் பிடித்துக்கொள்ளாது, விட்டவுடன் நிமிர்ந்துவிடும். தளர்வாக நெய்த கைத்தறி அழகுதான், ஆனால் சின்னத் துண்டாக வெட்டினால் இழை இழையாகப் பிரிந்து வரும். எது வாங்கினாலும் முதலில் தண்ணீரில் போட்டு அலசி, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். “சாயம் போகவே போகாது” என்று கடையில் சொல்லிக் கொடுத்த அரக்குச் சிவப்பை நம்பி, என் முதல் பூவின் நடுப்பகுதிக்கு வைத்தேன். துணியில் வரைந்திருந்த கோடுகளைப் போக்கத் தண்ணீர் தெளித்தபோது, இரண்டு வாரம் தைத்த வெளிர் மஞ்சள் இதழில் சிவப்பு இறங்கிவிட்டது. அந்த இதழ்களைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

ஊசியாலேயே மடித்துத் தைப்பது

சரி, முதல் முறை. பின்புலத் துணியின்மேல் இலைத் துண்டை வைத்து நூலோட்டிக்கொண்டு, ஓரத்தை ஊசி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, கட்டை விரலால் அமுக்கிப் பிடித்து, மடிப்பின் விளிம்பில் ஓரிரு இழையை மட்டும் கவ்வித் தைத்துப் போவது. சேலைக்கு எம்மிங் அடித்துப் பழகிய கைக்கு இது அந்நியமான வேலை இல்லை. வித்தியாசம் என்னவென்றால், சேலை ஓரம் நேராகப் போகும், இலை ஓரம் வளையும்.

மடிப்புக்கு விடும் துணி கால் அங்குலத்துக்கும் குறைவாக, ஏறக்குறைய 5 மி.மீ. இருக்க வேண்டும். அதிகம் விட்டால் வளைவில் உள்ளே துணி குவிந்து, வெளியே மேடு பள்ளமாகத் தெரியும். குறைத்தால் பிசிர் வெளியே வரும். ஊசி 10ஆம் நம்பர் அல்லது அதைவிட மெல்லியது. நூலின் நிறம் மேலே வைக்கும் துண்டோடு ஒத்துப்போக வேண்டும், பின்புலத்தோடு இல்லை. ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள். நீளமான நூல் ஒவ்வொரு முறையும் துணியில் உரசி, பாதியிலேயே முறுக்கு விட்டுப் பஞ்சாகிவிடும். இன்னொன்று, தையலை இலை நுனியில் தொடங்கக் கூடாது. நீண்ட வளைவின் நடுவே தொடங்கினால் கை பழகிய பிறகு நுனிக்கு வந்து சேர்வீர்கள்.

நுனியில் பொறுமை வேண்டும். அதற்கு ஒரு தையல் முன்னால் நிறுத்தி, முனையைக் குறுக்கே மடித்து, உள்ளே தடித்து நிற்கும் துணியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு, அப்புறம் மறுபக்கத்தை உள்ளே தள்ள வேண்டும். நுனியிலேயே ஒரு தையல் கூடுதலாகப் போட்டு நூலை லேசாக இழுத்தால் கூர்மை எழுந்து நிற்கும்.

காம்பு சேரும் பள்ளம் இதைவிடச் சங்கடம். அங்கே மடிக்கத் துணியே கிடையாது. கோட்டுக்கு ஓர் இழை, ரெண்டு இழை இருக்கும்வரை கட் கொடுத்தால்தான் துணி உள்ளே திரும்பும். கட் கொடுத்த இடம் பிரிந்துவரத் தயாராக நிற்கும். அந்த இடத்தில் மூன்று தையல் நெருக்கமாக, வழக்கத்தைவிட ஆழமாகக் கவ்விப் போட வேண்டும். என் முதல் இலையில் பள்ளம் பிரிந்தது, இரண்டாவதில் சுருங்கியது, மூன்றாவதில்தான் சரியாக வந்தது. இந்த இடத்தை நன்றாகச் செய்யக் கற்றுக்கொண்டால் இந்த முறையில் உங்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? ஓரம் துணிக்குள்ளிருந்தே முளைத்த மாதிரி இருக்கும். தையல் தெரியாது. மடிப்பின் கனத்தால் இலை பின்புலத்திலிருந்து ஒரு நூல் உயர்ந்து நிற்கும், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் சின்ன நிழல் விழும். துணி துணியாகவே இருக்கும், தொட்டால் மெத்தென்று. பின்னால் குயில்டிங் தையல் போடும்போது ஊசி தடையில்லாமல் இறங்கும். எனக்குக் கைவந்த ஓரங்களில் இதைவிட அழகானது இல்லை.

குறைகளும் இருக்கின்றன. 1 சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள துண்டை இப்படித் தைப்பது தண்டனை. இரு பக்கமும் மடித்தால் உள்ளே இரண்டு மடிப்பும் மோதிக்கொள்ளும். காம்புக்கு நான் கிராஸ் துண்டுதான் வெட்டினேன், இழைக்குக் குறுக்காக 45 டிகிரியில். அது வளைவோடு வளைந்து கொடுக்கும், நேர்த்துண்டு கொடுக்காது. நீளவாக்கில் மடித்து, மடிப்புக்குள் தையலை மறைத்துவிட்டால் 4 மி.மீ. காம்புகூடச் சாத்தியம். இன்னொரு குறை நிறத்தில் வரும். வெளிர் மஞ்சள் இதழ் அடர்பச்சை இலைமேல் ஏறும் இடத்தில் பச்சை உள்ளிருந்து தெரியும், போதாக்குறைக்கு மடித்த ஓரம் தனிக்கோடாகத் தெரியும். இதழுக்கு அடியில் மெல்லிய வெள்ளைத் துணி வைத்தால்தான் அது அடங்கும்.

அட்டையும் கஞ்சியும்

இரண்டாவது முறையை ஊசி மடிப்பின் தங்கை என்று சொல்லலாம். ஓரத்தைத் தைக்கும்போது மடிக்காமல், தைப்பதற்கு முன்பே இஸ்திரிப் பெட்டியால் மடித்து வைத்துக்கொள்வது. வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு ஃப்ரீசர் பேப்பர் என்ற தாளைப் பயன்படுத்துகிறார்கள். இறைச்சி பொதியச் செய்த தாள் அது, ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, சூடு காட்டினால் துணியில் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. தேவையும் இல்லை. வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டை போதும்.

அட்டையில் இலையைத் துல்லியமாக வெட்டிக்கொள்ளுங்கள், மடிப்புக்கு எதுவும் விடாமல். துணியை அதைவிட 6 மி.மீ. பெரிதாக வெட்டி, அட்டையை நடுவில் வைத்து, வெளியே நீட்டியிருக்கும் ஓரத்தில் மட்டும் வடிகஞ்சியைச் சின்னத் தூரிகையால் தடவி, ஓரத்தை அட்டைமேல் மடித்து இஸ்திரி போடுங்கள். காய்ந்ததும் அட்டையை உருவிவிட்டு மறுபடி ஒருமுறை அழுத்தினால் கையில் ஒரு முழு இலை இருக்கும், ஓரம் மடிந்து தயாராக. பூவரசங்காய் போன்ற வட்டத்துக்கு இந்த முறையை மிஞ்ச எதுவும் இல்லை. வட்டத் துணியைச் சுற்றி நூலோட்டி, நடுவில் அட்டையை வைத்து நூலைச் சுருக்கி இழுத்து, கஞ்சி தடவி அழுத்தினால் முனை முனையாக நிற்காத சுத்தமான வட்டம் வரும். ஊசி மடிப்பில் எனக்கு ஒரு வட்டம்கூட இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

இந்த முறையின் பெரிய நன்மை தையலில் இல்லை, படத்தை அமைப்பதில் இருக்கிறது. மடித்து முடித்த இலைகளைப் பின்புலத்தின்மேல் வைத்து நகர்த்திப் பார்க்கலாம். இந்த இலை பூவுக்குப் பின்னால் போகட்டுமா, காய் கொஞ்சம் கீழே இறங்கட்டுமா என்று ஒரு வாரம்கூட யோசிக்கலாம். போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பூவின் நடுப்பகுதி தூரத்தில் காணாமல் போகும் என்று அர்த்தம். தைத்த பிறகு இது தெரிந்தால் வருத்தம்தான் மிச்சம். சின்னப் படத்தில் நான்கைந்து துண்டுகள்தான் இருக்கும், ஒன்று ஒரு விரல்கடை தள்ளிப் போனாலும் படமே சாய்ந்துவிடும். அதனால் வடிவமைப்பில் நம்பிக்கை வராதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த முறையைத்தான்.

ஒரே இலையைப் பத்துத் தடவை வைக்க வேண்டுமானாலும் இதுவே சிக்கனம். மடித்த துண்டைக் கையால் தைக்கலாம், அல்லது மிஷினில் விளிம்புக்கு ஓர் இழை உள்ளே நேர்த்தையல் ஓட்டலாம். ஆழமான பள்ளம் மட்டும் இங்கேயும் கட் கொடுத்த இடத்தில் பலவீனம்தான். அந்த ஓரிடத்தை ஊசியாலேயே சரிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். சூட்டில் மறையும் ஜெல் பேனாவால் கோடு போட்டால் இஸ்திரி பட்டவுடன் கோடு காணாமல் போய்விடும், இந்த முறைக்குப் பென்சில்தான் சரி. அடுத்தது, கஞ்சி மாவுப்பொருள். துணியில் அப்படியே விட்டால் வெள்ளிமீன் பூச்சி தேடி வரும். அப்ளிக் முடிந்து, பஞ்சு வைப்பதற்கு முன்னால் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள். முன்பே சாயம் பார்த்து வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஒட்டித் தைப்பது

மூன்றாவது முறையில் மடிப்பே கிடையாது. இருபக்கமும் ஒட்டும் பசைத்தாளைத் துணியின் பின்பக்கத்தில் இஸ்திரியால் ஒட்டி, வடிவத்தைக் கோட்டிலேயே வெட்டி, தாளை உரித்துப் பின்புலத்தில் வைத்து மறுபடி இஸ்திரி போட்டால் துண்டு பிடித்துக்கொள்ளும். பிளவுஸ் கடைகளில் கழுத்துக்கு வைக்கத் தரும் ஃபியூசிங் கேன்வாஸ் இது இல்லை, அது ஒரு பக்கம் மட்டும் ஒட்டும். ஹீட் அண்ட் பாண்ட், பாண்டாவெப் போன்ற பெயர்களில் ஆன்லைனில் வருவதைத்தான் சொல்கிறேன். ஹீட் அண்ட் பாண்டில் லைட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அல்ட்ரா என்பது தையலே போடாத வேலைக்கு, அதில் தைத்தால் ஊசியில் பிசின் ஏறி நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

தாளில் படத்தை இடம் வலம் மாற்றி வரைய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பின்பக்கத்தில் ஒட்டுவதால் திருப்பும்போது வடிவம் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிவிடும். ஒரு தனி இலைக்கு இது பெரிய விஷயமில்லை, கொத்தாக வரைந்தால் பூ எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும்.

பள்ளமா, கூர் நுனியா, பல்பல்லான ஓரமா, எதுவும் இங்கே பிரச்சினை இல்லை. கத்தரி போகிற இடமெல்லாம் படம் போகும். ஊசி மடிப்பில் இரண்டு வாரம் எடுத்த படம் இதில் இரண்டு மாலையில் முடிந்தது. கண்ணுக்குள் விழும் ஒரு புள்ளி வெளிச்சம், இலை நரம்பு, குருவியின் கால் போன்ற நுணுக்கங்கள் வேண்டுமென்றால் இதை விட்டால் வழியில்லை.

விலை கொடுக்க வேண்டியது மென்மையில். பசை ஏறிய துணி விறைக்கும். இலைமேல் இதழ், இதழ்மேல் நடுப்பகுதி என்று மூன்று அடுக்கு ஏறினால் அந்த இடம் அட்டையாகிவிடும், கை ஊசி உள்ளே போக மறுக்கும். இதற்கு ஒரு மருந்து உண்டு. பசைத்தாளின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் மட்டும் 6 மி.மீ. வளையமாக விட்டு ஒட்டுங்கள். ஓரம் பிடித்துக்கொள்ளும், நடுவில் துணி துணியாகவே இருக்கும். வெட்டி எடுத்த நடுத்தாள் சின்னத் துண்டுகளுக்கு ஆகும்.

ஒட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தையலால் பிடிக்க வேண்டும், எந்தத் தையல் என்பதில்தான் படத்தின் முகமே மாறுகிறது. நெருக்கமான ஜிக்ஜாக் போட்டால் ஓரம் முழுக்க நூல் கரை கட்டியது போல் வரும். 2 மி.மீ. அகலம் போதும், அதற்கு மேல் போனால் சின்னப் படத்தில் இலையைவிடக் கரைதான் கண்ணில் படும். அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்புலம் சுருங்கும். நுனியில் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்தபடி திருப்பவேண்டும். பள்ளத்திலும் அப்படியே, ஆனால் ஊசி இலைப் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். எனக்கு இந்தக் கரை கட்டிய தோற்றம் பூவரசுக்குப் பிடிக்கவில்லை. உயிருள்ள இலைக்குக் கோடு போட்ட மாதிரி இருந்தது. குழந்தைகளுக்கான படம், எழுத்து, கொடி மாதிரி வேலைக்கு அதுவே நன்றாக எடுக்கும்.

கையால் காஜாத் தையல் போடுவது இன்னொரு வழி. எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து, ஓரத்தைச் சுற்றிச் சீரான இடைவெளியில் போட்டால் கைவேலையின் சாயல் வரும். நடுத்தாள் எடுத்த துண்டாக இருந்தால் மட்டும் இதை முயலுங்கள், விரலைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஜிக்ஜாக் இல்லாத பழைய கறுப்பு மிதிமிஷின்தான் வீட்டில் இருக்கிறதா? அதிலும் முடியும், எனக்கு மிகவும் பிடித்த தோற்றமே அதிலிருந்துதான் வந்தது. விளிம்புக்கு 2 மி.மீ. உள்ளே நேர்த்தையல், அதுவும் இரண்டு சுற்று, ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாமல். பென்சிலால் இரண்டு தடவை கோடிழுத்து வரைந்த மாதிரி இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, துணியை வளையத்தில் இறுக்கி, கையாலேயே நகர்த்தி மிஷின் எம்பிராய்டரி போடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு இது கைப்பழக்கம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் முதலிலேயே அடுக்கிவைத்து இப்படித் தைத்தால் அப்ளிக்கும் குயில்டிங்கும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். இலை நரம்பை அதே நூலில் வரைந்துகொண்டு போய்க் காம்பில் இறங்கலாம்.

இந்த ஓரம் காலப்போக்கில் கொஞ்சம் பிசிரும். பசை இருப்பதால் முழுவதும் பிரியாது. துவைக்கப் போகும் பொருளுக்கு இதைச் சொல்ல மாட்டேன். சுவரில் மாட்டுவதற்குத் தாராளமாகச் செய்யலாம்.

கீழிருந்து திறப்பது

பனாமா நாட்டின் குணா இனப் பெண்கள் தங்கள் ரவிக்கைகளின் முன்னும் பின்னும் வைத்துத் தைக்கும் மோலா வேலை அப்ளிக்கையே தலைகீழாக்குகிறது. பல நிறத் துணிகளை அடுக்கி, மேல்துணியைக் கீறி, கீறலின் இரு ஓரத்தையும் உள்ளே மடித்துத் தைத்து, அடியில் இருக்கும் நிறத்தைத் தெரியவைக்கிறார்கள். பூவரசுக் கொத்து முழுவதையும் இப்படிச் செய்வதில் அர்த்தமில்லை. ஆனால் இலை நரம்புக்கு இதை முயன்றேன். அடர்பச்சையைக் கீறினால் அடியில் இளம்பச்சை, நடு நரம்பு பள்ளமாக உள்ளே இறங்கி நிற்கிறது. மேலே தைத்து வைத்த எந்த நரம்பும் இப்படி இருக்காது. மெல்லிய கோடுதான் உங்கள் படத்தின் உயிர் என்றால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையா, மிஷினா என்ற மனக்குறை

கையால் தைத்தால்தான் கலை, மிஷினில் தைத்தால் மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதனாலேயே பலர் தங்கள் படத்துக்குப் பொருந்தாத முறையைப் பிடித்துக்கொண்டு பாதியில் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் தைத்த இரண்டு படக் குயில்ட்டுகள் இன்றும் இருக்கின்றன. 1886 வாக்கில் முடித்த பைபிள் குயில்ட் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், 1890களின் பிற்பகுதியைச் சேர்ந்த இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். முதலாவதில் 11 கட்டங்கள். ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், யாக்கோபின் கனவு, எல்லாமே வெட்டி வைத்துத் தைத்த அப்ளிக் உருவங்கள். கையாலும் தைத்திருக்கிறார், மிஷினிலும் தைத்திருக்கிறார். வறுமையில் அதை 5 டாலருக்கு விற்க நேர்ந்தது. அந்த உருவங்களின் ஓரம் சீராக இல்லை, ஆனால் ஒவ்வொரு உருவமும் அசைகிறது. எந்தத் தையல் எதில் போட்டது என்று அதைப் பார்க்கும்போது கேட்கத் தோன்றுவதில்லை.

எதை எதற்கு

அப்ளிக் முடிந்த பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்துப் போடும் குயில்டிங் தையலையும் இப்போதே யோசித்து வையுங்கள். இலையைச் சுற்றி அலை அலையாகக் கையால் தையல் ஓட்ட ஆசை என்றால், ஹவாய்க் குயில்ட்டுகளில் அப்படித்தான் வடிவத்தைச் சுற்றிச் சுற்றி எதிரொலி போலப் போகும், பசையில்லாத முறைகளே நல்லது. மிஷினில் முழுவதையும் கோடுகளால் நிரப்பப் போகிறீர்கள் என்றால் ஒட்டுவது நல்லது, துண்டு நகராது. நடுவில் வைக்கும் பஞ்சு சின்னப் படத்துக்கு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த பாலியஸ்டர் பஞ்சு வைத்தால் 12 அங்குலச் சதுரம் தலையணை மாதிரி உப்பிவிடும். நான் பழைய ஃப்ளானல் துணியை இரண்டு மடிப்பாக வைக்கிறேன்.

முதல் படம் தைக்கப் போகிறவர் என்னிடம் கேட்டால், பெரிய வளைவுகளோடு நான்கைந்து துண்டுகள் மட்டும் உள்ள படத்தை வரையச் சொல்லி, கஞ்சி முறையைக் கையில் கொடுப்பேன். கையால் ஓரத்தைத் தைக்கும்போது ஊசி மடிப்புக்கு வேண்டிய பழக்கமும் கூடவே வந்துவிடும். உங்கள் மனதில் இருக்கும் படத்தில் இருபது முப்பது சின்னத் துண்டுகள் இருக்கிறதா, ஒட்டுங்கள், யோசிக்கவே வேண்டாம். மாலையில் கையில் வேலை ஏதாவது இருந்தால் மனம் அடங்கும் என்பவர்களுக்கு ஊசி மடிப்பு. பேருந்தில், மருத்துவமனை வாசலில், டிவிக்கு முன்னால், எங்கேயும் எடுத்துப் போகலாம். முதல் மூன்று முறைகளில் இஸ்திரிப் பெட்டி தேவையில்லாதது அது ஒன்றுதான்.

ஒரே படத்தில் ஒரே முறைதான் என்று எந்த விதியும் இல்லை. பூவரசை நான்காவது தடவை தைத்தபோது அதைத்தான் செய்தேன். பெரிய இலைகள் மூன்றும் ஊசி மடிப்பு. காய் கஞ்சி வட்டம். காம்பு கிராஸ் துண்டு. நடு நரம்பு மட்டும் ஓர் இலையில் மோலா போலக் கீறல். பூவரசம்பூ மலர்ந்தபோது மஞ்சளாக இருந்து, வாடும்போது சிவந்து ஊதா கலந்த நிறத்துக்கு மாறும். அதனால் இந்தத் தடவை பூ இரண்டு. கொத்தில் இருக்கும் மஞ்சள் பூவின் இதழ்களை, அடியில் வெள்ளைத் துணி வைத்து, மடித்துத் தைத்தேன். கீழே விழுந்து கிடக்கும் வாடிய பூவைத் தளர்வாக நெய்த ஒரு கைத்தறித் துண்டில் வெட்டி, நடுவில் மட்டும் கொஞ்சம் பசை வைத்து ஒட்டி, ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி ஒற்றை நேர்த்தையல் போட்டேன். ஓரம் பிசிரட்டும் என்றே அப்படிச் செய்தது. மாட்டிய சில மாதங்களில் இதழ் விளிம்பில் இழைகள் எழுந்து சுருள ஆரம்பித்துவிட்டன. வீட்டுக்கு வருகிறவர்கள் நூல் பிரிகிறதே, கத்தரித்துவிடவா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்கிறேன்.